ஐந்தரை மணிக் கச்சேரி

இதை அவர் படித்தால் "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லமாட்டார். எந்த வரியில் சத்தத்தைக் கூட்டியிருக்கிறேன், எந்த வரியில் குறைத்திருக்கிறேன் என்று போன் போட்டுக் கேட்பார். அந்த விசாரணைக்குப் பயந்துதான் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

எங்கள் வானொலி நிலையத்தில் அவர் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்; நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். நான் தொழில்நுட்பம். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இராமநாதபுரத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கருவேலங்காட்டுக்குள் உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு கோபுரமும் அதன் காலடியில் நாலு அறைகளும்தான். காலையில் சினிமாப் பாட்டு போடுவோம். மத்தியானம் சென்னையில் இருந்து வருவதை அப்படியே வாங்கி மறு ஒலிபரப்பாக அஞ்சல் செய்வோம். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் எங்கள் சொந்த நிகழ்ச்சி. அதில் ஐந்தரையில் இருந்து ஆறு வரை கச்சேரி, ஆறு மணிக்குக் கடல் வானிலை. இன்றைக்கு அந்த ஐந்தரை மணியிலும் சென்னைதான் ஓடுகிறது.

அந்த அரை மணி நேரத்தை நான்கு வருஷம் தூக்கிச் சுமந்தவர் அவர். சுமந்தவர் என்றால் நின்ற இடத்தில் நின்று சுமந்தவர் இல்லை, சுற்றிச் சுற்றிச் சுமந்தவர். அவருக்கு உட்காரத் தெரியாது. வாசிப்பவர் பெயரையும் ராகத்தையும் அறிவித்துவிட்டு மைக்கை அணைப்பார், முன்பே பதிந்த கச்சேரி ஓட ஆரம்பிக்கும். அடுத்த நிமிஷம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். வண்டியின் முன் கொக்கியில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு டிரான்சிஸ்டர்.

"யாரு கேக்குறாகன்னு பாத்துட்டு வாரேண்ணே."

அறிவிப்பாளர் இடத்தை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. முதல் மாதம் அதைச் சொல்லிப் பார்த்தேன். "நீங்க இருக்கீகள்ல" என்றார். இரண்டாவது மாதம் கோபித்துப் பார்த்தேன். வரும்போது எனக்கு வடை வாங்கிவந்தார். மூன்றாவது மாதத்தில் இருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருப்பது என் வேலையாகிவிட்டது. ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மூச்சு வாங்க ஓடிவருவார். காற்றின் வேகத்தைக் கடலுக்குப் போகிறவர்களுக்குப் படித்துச் சொல்கிறவர் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டி வந்திருப்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. தலைமுடியைப் பார்த்த எனக்குத் தெரியும்.

ஒருநாள் முகம் சிவந்து வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் எங்கள் கச்சேரி கணீரென்று கேட்டிருக்கிறது. வண்டியை அப்படியே சாய்த்து நிறுத்திவிட்டு ஓடி, வாசிப்பது யார் என்று டீ மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"'எனக்கென்னக்கா தெரியும், பொட்டிக்கு மேல டம்ளரா அடுக்கிக் கெடக்கு, எடுத்து வச்சுட்டு ஸ்டேஷன் மாத்த நேரமில்ல'ங்குறாரு. டம்ளரு எடஞ்சலாக் கெடக்கு, அதனால நம்ம கச்சேரி ஓடுது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் அதே கடைக்குப் போய், டம்ளரை நகர்த்திவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

யாராவது பாராட்டினால் மனிதர்களுக்கு மனசு குளிரும். அவருக்குச் சந்தேகம் வரும். "நல்லா இருந்துச்சு" என்று சொன்னவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதுபோல, "எந்த எடத்துல?" என்று கேட்பார். இராமேஸ்வரத்தில் கோயில் வாசல் பக்கம் சங்கு, சோழி விற்கும் கடைக்காரர் ஒருவர் உண்டு. லீவு நாளில் எங்கள் பொறுப்பாளர் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் கடையில் நம் நிலையம் ஓடும். "ஒங்க கச்சேரி இல்லாம யாவாரமே இல்லீங்க" என்பாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை விட்டுவிட்டு, கச்சேரி நேரத்தில் பஸ்ஸில் போய் இறங்கியிருக்கிறார். கடையில் சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்திருக்கிறது.

"நேத்துக் கச்சேரி கேட்டீகளா?"

"கேக்காமயா? அருமைங்க."

"எந்த எடத்துல?"

"அந்த வயலின் வருமுல்ல, அந்த எடத்துல."

"நேத்து நாதஸ்வரம்."

கடைக்காரர் உடனே ஒரு வலம்புரிச் சங்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாராம். "பொய் சொன்னது கூடப் பரவாயில்லண்ணே, ஸ்கூட்டரப் பாத்ததும் ஸ்டேஷன மாத்திருக்காரு பாருங்க, அதத்தான் தாங்க முடியல" என்று அந்த வாரம் முழுக்கப் புலம்பினார்.

மண்டபத்தில் இறால் உரிக்கும் கொட்டகைக்கு ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போனதும் இந்த வெறியில்தான். முதலாளியிடம் அனுமதி வாங்கி, உரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அரை மணி நேரம் வயலின் போட்டார். ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்துக் கொடுக்க நானும் போயிருந்தேன். முடிந்ததும், தண்ணீரில் ஊறிக் கைவிரல் சுருங்கிப்போயிருந்த ஒரு அம்மா சொன்னார்:

"பாட்டுன்னா வார்த்தைக்குப் பின்னாடியே மனசு ஓடணும். இதுல வார்த்தை இல்ல. கை அதுபாட்டுக்கு ஓடுது."

எனக்கு இதுவே பெரிய விஷயமாகப் பட்டது. அவருக்குப் போதவில்லை. "எந்த எடத்துலக்கா வேகமா ஓடுச்சு?"

அந்த அம்மா யோசித்தார். "கடைசில சடசடன்னு வந்துச்சே, அப்ப. இந்தா, இவளுக்கு எறா முள்ளு குத்தி ரத்தம் வந்துருச்சு."

குத்து வாங்கிய பெண் விரலைச் சப்பிக்கொண்டு சிரித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் எங்கள் பொறுப்பாளர் பேசிக்கொண்டே வந்தார். "ஒரு வெரலாச்சும் கேட்டுருச்சுண்ணே! ஒரு வெரலாச்சும்!" இரண்டு நாள் அவர் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள், இறால் வேகமாக உரித்தால் யாருக்கும் முள் குத்தத்தானே செய்யும், அதற்கு வயலின் எதற்கு என்று அவருக்கே தோன்றிவிட்டது. பழையபடி ஸ்கூட்டரை எடுத்தார்.

பரம்பரையாகப் பாட்டுப் படித்த வீட்டுப் பெண் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. கமுதிப் பக்கம் மிளகாய் போடும் குடும்பம். பாடச் சொன்னால் பஸ் பிரேக் பிடித்ததுபோல இருக்கும், அதை அவரே சொல்வார். பிறகு எப்படி இந்தப் பைத்தியம் என்று நானும் ஒருநாள் கேட்டேன்.

"எங்க அய்யா மொளகாக் காட்டுல ரேடியோவக் கம்புல கட்டித் தொங்கவிட்டுருவாக. பன்னிய வெரட்டுறதுக்கு. முள்ளு ஒரு ஸ்டேஷன்ல சிக்கிக்கிருச்சு, அதுல கச்சேரியாப் போடுவான். எனக்காக யாரும் போடல. நானும் கேக்கணும்னு போகல. பழம் பிடுங்கிக்கிட்டு இருந்தேன், வந்து ஒட்டிக்கிருச்சு. அந்த மாதிரி எங்கனயாச்சும் ஒருத்தர் இருப்பாகள்ல? ஒரே ஒருத்தரப் பாத்துட்டேன்னா போதும்ண்ணே, பெறகு நான் பேசாம ஒரு எடத்துல இருந்துருவேன்."

பன்றிகள் என்ன ஆயின என்று கேட்டேன். "அதுக நல்லாக் கேட்டுச்சுக" என்றார்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதையாக முடிந்திருக்கும். மேலிடத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. நேயர்களிடம் இருந்து கடிதமோ போனோ வராத உள்ளூர் நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் சென்னையை அஞ்சல் செய்யலாம் என்று உத்தேசம். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் உறுதி செய்து மாதக் கடைசிக்குள் அறிக்கை அனுப்பவும். இப்படிக்கு, தங்கள் பணிவுள்ள.

எங்களுக்குக் கடிதம் எழுதும் நேயர்கள் இருந்தார்கள். எல்லாம் காலை சினிமாப் பாட்டுக்கு, தங்கள் பெயரையும் மச்சினன் பெயரையும் வானொலியில் கேட்பதற்கு எழுதுகிறவர்கள். ஐந்தரை மணிக் கச்சேரிக்கு ஒரு கார்டு கிடையாது.

நான் யோசனை சொன்னேன். "பத்துக் கார்டு வாங்கியாறேன், மேடம். நம்ம வீட்டு ஆளுகள விட்டு எழுதிப் போட்டுருவோம். ஊரு ஒலகத்துல நடக்காததா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் உறுத்துகிறது. "நாமளே எழுதி நாமளே படிக்கவாண்ணே நாலு வருசமா அலைஞ்சேன்?"

அதற்குப் பிறகு அலைச்சல் இரண்டு மடங்கானது. காரங்காட்டில் படகு ஓட்டுகிறவர்கள், தேவிபட்டினத்தில் பொட்டுக்கடலை விற்கிறவர்கள் என்று யாரையும் விடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோவார். வானிலை படிக்கும்போது குரல் கட்டிப்போயிருக்கும். அவரைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் என்று நான் அப்போது பெயர் வைத்திருந்தேன். உண்மையில் அது பயம். இந்த அரை மணி நேரம் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம். போனால் எனக்கென்ன, சம்பளம் குறையப்போகிறதா என்று கேட்டுக்கொண்டேன். குறையாது. ஆனாலும் பயம் போகவில்லை.

ஆகவே எழுதினேன். அதாவது நான் சொல்ல, என் மனைவி எழுதினாள். என் கையெழுத்து அவருக்கு மனப்பாடம்; தினமும் பதிவேட்டில் பார்க்கிறவர். முதலில் மூன்று கார்டுகள், மூன்று ஊர்ப் பெயர்களில். "தங்கள் கச்சேரி மிகவும் நன்றாக உள்ளது." மூன்றையும் படித்துவிட்டு ஓரமாகப் போட்டார். "எந்த எடத்துலன்னு ஒரு வார்த்த இல்ல பாருங்க. டம்ளர் கேசுக."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இடம்தானே வேண்டும்? சொல்கிறேன். நாலாவதாக ஒரு உள்நாட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். புதுமடம், மேலத்தெரு, ஜெய்னம்பு என்று பெயர் போட்டேன். கணவர் சவூதியில் இருக்கிறார், சாயங்காலம் தனியாக இருப்பேன், ரேடியோ போடுவேன் என்று ஆரம்பித்து, பிறகு சொன்னேன்: "போன செவ்வாய்க்கிழமை வீணை வாசித்த அம்மாவுக்குப் பாதியில் ஒரு தந்தி இறங்கிவிட்டது. அவர் நிறுத்திவிட்டு, பிருடையைத் திருகிச் சரி செய்து, விட்ட இடத்தைத் திரும்ப எடுத்தார். முதல் தடவை வாசித்தபோது அது வெறும் வாசிப்பாக இருந்தது. இரண்டாம் தடவை, அந்த அம்மா பயந்துபோய், மிகவும் மெதுவாக, கீழே விழுந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்தார். அந்த இடத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்."

என் மனைவி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க, இது நெசமாவே யாருக்கு எழுதுறீக?"

"ஆபீஸ் விஷயம், எழுதுடி" என்றேன்.

கடிதம் வந்த அன்று அவர் அதை நின்றுகொண்டு படித்தார். நடந்துகொண்டு படித்தார். என் அறைக்கு வந்து சத்தமாகப் படித்தார். அந்தத் தந்தி இறங்கிய இடத்தை வெட்டிவிடலாமே என்று பதிவின்போது அந்த வீணைக்கார அம்மா கெஞ்சியிருக்கிறார், இவர்தான் வெட்டமாட்டேன் என்று பிடிவாதமாக விட்டிருந்தார். "பாத்தீகளாண்ணே? பாத்தீகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு விடுவார், அறிக்கையில் சேர்த்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். நான்கு வருஷம் கூட இருந்தும் ஆளைப் புரிந்துகொள்ளாத மடையன் நான்.

"வியாழக்கெழம ஒங்களுக்கு லீவுதான? புதுமடம் ஒங்க ஊருப் பக்கந்தான? வாங்க, அவுகளப் பாத்துட்டு வந்துருவோம்."

அவர் ஸ்கூட்டரில் முன்னால் போக, நான் என் பைக்கில் பின்னால் போனேன். உச்சிப்புளி ரயில்வே கேட் பூட்டியிருந்தது. நின்ற ஐந்து நிமிஷத்தில் மூன்று முறை, சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் தன் பையைத் திறந்து காட்டினார். ஜெய்னம்புக்கு என்று அந்தக் கச்சேரியைப் பதிந்து ஒரு பென் டிரைவும், கால் கிலோ மைசூர்பாகும் வைத்திருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மேலத்தெரு முனைக் கடையில் விசாரித்தோம். கடைக்காரர் கேட்டார்: "எந்த ஜெய்னம்பு? இந்தத் தெருவுல மூணு பேரு இருக்காகளே."

அப்படி ஒருத்தியும் இல்லை என்று பதில் வரும், திரும்பிவிடலாம் என்றல்லவா நான் கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் ஜெய்னம்புக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் இருக்கும். மாப்பிள்ளை சவூதியில்தான் இருந்தார். அது வேறு சரியாகப் பொருந்தித் தொலைத்தது. சர்பத் கொடுத்தாள். ரேடியோ என்றதும், "அதெல்லாம் எங்க வாப்பா வீட்டுல இருந்துச்சு. இங்கன எல்லாம் போன்லதாங்க" என்றாள்.

இரண்டாவது ஜெய்னம்பு வீட்டில் ரேடியோ இருந்தது. தம்பி கடலுக்குப் போகிறவர். கதவைத் திறந்ததும் எங்கள் பொறுப்பாளர் இரண்டு வார்த்தை பேசியதைக் கேட்டு அந்தப் பெண் கையைத் தட்டினார். "வானிலை படிக்கிறவுகளா நீங்க? கொரலு அதே கொரலு!"

"அதுக்கு முந்தி அஞ்சரைக்கு ஒண்ணு வருமே, கேப்பீகளா?"

"போட்டுத்தான் வச்சிருப்பேன். அடுப்படில வேலையா இருப்பேன்ல, அந்தச் சத்தம் நின்னா வானிலை வரப்போவுதுன்னு அர்த்தம். ஓடியாந்துருவேன்."

நாலு வருஷத்துக் கச்சேரி முடிகிற கணத்துக்காகக் காத்திருந்த ஒருவரை அவர் கண்டுபிடித்துவிட்டார். "நல்லதுங்க" என்றார். தம்பி பத்திரமாக இருக்கட்டும் என்றார். தெருவில் இறங்கியதும், "அதுவும் ஒரு உபயோகந்தாண்ணே" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

மூன்றாவது வீட்டில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"நான் எழுதலம்மா. எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போட வரும்."

எங்கள் பொறுப்பாளர் தலையாட்டினார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. வெயிலில் அப்படியே நின்றார். அந்தப் பெண்மணி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெம்ப வேண்டியவுகளோ?"

"ஆமாங்க லாத்தா" என்றார், அக்காவை அழைக்கும் அந்தத் தெரு வழக்கத்தில்.

"இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கீக. நான்தான் எழுதுனேன்னு வச்சுக்கங்களேன். பேரு ஒண்ணுதான? யாரும் வந்து கேட்டாலும் நான் ஆமான்னு சொல்லிக்கிறேன். மேல ஒருத்தன் இருக்கான், அவன் மன்னிச்சுருவான்."

அந்த நிமிஷம் நான் அந்தப் பெண்மணியின் காலில் விழத் தயாராக இருந்தேன். என் கையில் இருந்த பாம்பை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொள்கிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள் மேடம், முடிந்தது விஷயம், அறிக்கையை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்போம் என்று மனதுக்குள் கத்தினேன்.

அவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களப் பொய் சொல்ல வச்சுட்டு எனக்குச் சோறு எறங்காது லாத்தா." மைசூர்பாகை அவரிடம் கொடுத்தார். பென் டிரைவைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். வரும் வழியில் கேட் திறந்திருந்தது. அவர் ஸ்கூட்டரை நிறுத்தாமல் போய்விட்டார்.

மறுநாள் மதியம், சென்னை அஞ்சல் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். கையில் அந்தக் கடிதம், கக்கத்தில் எங்கள் ஒலிபரப்புப் பதிவேடு. இரண்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதிவேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கம் திறந்திருந்தது. என் கையெழுத்தில் எழுதியிருந்தது: மின்தடை, ஜெனரேட்டர் தாமதம், ஐந்து நாற்பத்தேழு முதல் ஐந்து ஐம்பத்திரண்டு வரை ஒலிபரப்பு இல்லை.

"அண்ணே, தந்தி எறங்குற எடம் இந்த அஞ்சு நிமிசத்துக்குள்ளதான் வருது. நான் பதிவு ஃபைல ஓட்டிப் பாத்துட்டேன். அது காத்துல போகவே இல்ல. புதுமடத்துல இல்ல, இந்தா இந்தக் கருவேலங்காட்டுல கூட ஒருத்தரும் கேட்டுருக்க முடியாது. இந்த ரூமுல மட்டுந்தான் கேட்டுருக்கும்."

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அன்று கரண்டு போனதும் டிரான்ஸ்மிட்டர் நின்றுவிட்டது; ஸ்கூட்டரில் வழியில் இருந்த அவருக்கு அது தெரியவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் பேட்டரி உண்டு. அதனால் வீணை நிற்காமல் என் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் பார்ப்பவர் லீவு. நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடினால் ஒரு நிமிஷ வேலை. எழுந்தும்விட்டேன். அப்போதுதான் தந்தி இறங்கியது. வீணை நின்றது. பிருடை முறுகும் சத்தம் கேட்டது. அந்த அம்மா இனி எப்படித் திரும்ப எடுப்பார் என்று தெரியாமல் என்னால் அந்த அறையை விட்டுப் போக முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்தார். எடுத்த பிறகும் நின்றேன். இரண்டு மாவட்டக் கடலோரமும் ஊமையாகிக் கிடக்க, நான் ஒருவன் மட்டும் ஐந்து நிமிஷம் வீணை கேட்டேன். பிறகு ஓடிப் போய் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, பதிவேட்டில் ஜெனரேட்டர் மேல் பழியை எழுதினேன். ஐந்தாறு நாள் கழித்துக் கடிதம் எழுதும்போது இது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அந்த இடம் மட்டும்தான் இருந்தது.

"நீங்க கேட்டீகளாண்ணே?" என்றார்.

மிரட்டிக் கேட்கவில்லை. குற்றம் கண்டுபிடித்த குரலும் இல்லை. நான் ஆமாம் என்றால் போதும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது அவருக்கு.

நான் சொன்னேன்: "கேக்குறதாவது. ஒங்களுக்கு எடஞ் சொல்லணும்ல? ரெண்டு நாள் கழிச்சு நானும் ஃபைல ஓட்டித்தான் பாத்தேன். எங்க தப்பு வருதுன்னு தேடி எடுத்து எழுதுனேன். அம்புட்டுத்தான். வீணைக்கும் எனக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

வேலைக்குப் பங்கம் வரும் என்று பயந்தேன் என்பது உண்மை. ஐந்து நிமிஷம் ஒலிபரப்பை நிற்கவிட்டுப் பாட்டுக் கேட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது மட்டும் இல்லை. வோல்ட், ஆம்பியர் தவிர ஒன்றும் தெரியாது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக அவரைக் கைவிட்டேன். இதற்கு வேறு வார்த்தை இல்லை.

"சரிண்ணே" என்றார். பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ஐந்தரைக்கு அறிவித்துவிட்டு வழக்கம்போல ஸ்கூட்டரை எடுத்தார். நான் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். ஒலிபரப்புத் தடை நேரங்களும் அதில் இருப்பதால் தொழில்நுட்பப் பிரிவும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு பக்கம். புதுமடத்துக் கடிதத்தை அவர் இணைக்கவில்லை. கடிதங்கள் என்ற இடத்தில் இல்லை என்று போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமைத் தடையை நான் எழுதியபடியே எழுதியிருந்தார், ஜெனரேட்டர் தாமதம் என்று. அதற்குக் கீழே:

"உறுதி செய்யப்பட்ட நேயர்: ஒருவர். பெயரை வெளியிட அவருக்கு விருப்பமில்லை."

அதை இரண்டு தடவை படித்தேன். அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் சொன்னது இதுதான்:

"ஒருத்தர்னு போட்டா நிப்பாட்டிருவாக, மேடம்."

"தெரியும்ண்ணே. ஒருத்தரும் இல்லன்னு போட்டா பொய்யாயிருமுல்ல."

பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி, அவர் காட்டிய இடத்தில், என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.